மங்கிப்போன காமன் கூத்துப் படங்கள்: பழைய லென்ஸ், மிரர்லெஸ் கெமரா, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் தகப்பனும் மகனுமாக நடத்தும் சிறிய ஸ்டூடியோ ஒன்றில் 2023, 2024 ஆண்டுகளில் நடந்தது இது. தகப்பனார் ஃபிலிம் காலத்து ஆள், எழுபதைத் தாண்டியவர். டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை பக்கத்துத் தோட்டங்களில் ஒரு தலைமுறையின் கல்யாணப் படங்களை அவர்தான் எடுத்தார். மகன் முப்பதுகளில் இருக்கிறார், டிஜிட்டலில் தொழில் பழகியவர். இந்தக் குறிப்பில் அவர்களைப் பெரியவர், மகன் என்றே சொல்கிறேன்.

2022இல் மகனின் பழைய டிஎஸ்எல்ஆர் கெமராவின் ஷட்டர் போய்விட்டது. அந்த ஆண்டு மார்ச்சுக்கு முன் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டிவிட்டிருந்தது. புதுக் கெமரா பற்றிப் பேசவே முடியாத நேரம். கொழும்பில் ஒரு கடையில் பாவித்த சோனி ஏ7 மார்க் 2 பொடியை (லென்ஸ் இல்லாத கெமராவை) மட்டும் வாங்கினார். லென்ஸுக்குக் காசு மிஞ்சவில்லை. அப்போதுதான் பெரியவர் அலமாரியைத் திறந்தார்.

உள்ளே மூன்று லென்ஸ்கள் இருந்தன. பென்டக்ஸ் ஸ்பொட்மெட்டிக் கெமராவோடு பாவித்த சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4, அதே கம்பனியின் 135 மி.மீ. எஃப் 3.5, அப்புறம் ஒரு ரஷ்ய ஹீலியோஸ் 44-2, அதாவது 58 மி.மீ. எஃப் 2. மூன்றும் எம்42 என்ற திருகு மவுண்ட் (கெமராவோடு பூட்டும் வாய்) கொண்ட லென்ஸ்கள். மூன்றும் தங்கள் தோல் உறைகளுக்குள்ளேயே பல வருடமாகத் தூங்கியிருந்தன. இந்தத் தோல் உறை பற்றிப் பின்னால் வரும்.

இப்படிப்பட்ட லென்ஸை மிரர்லெஸ்ஸில் பொருத்த முடிவதற்குக் காரணம் ஓர் இடைவெளி. எம்42 லென்ஸ் தன் மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. தூரத்தை எதிர்பார்க்கிறது. ஃபிலிம் கெமராவின் நடுவில் ஆடும் முகம்பார்க்கும் கண்ணாடிக்கு (மிரருக்கு) அவ்வளவு இடம் தேவைப்பட்டது. சோனியின் ஈ மவுண்டில் அந்தக் கண்ணாடியே இல்லை, மவுண்டிலிருந்து சென்சருக்கு 18 மி.மீ. மட்டுந்தான். மிச்சம் 27.46 மி.மீ. அந்த நீளத்தில் வெறும் உலோக வளையம் ஒன்றைச் செய்து மாட்டினால் போதும், உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் வேண்டாம். மகன் அப்படியொரு மலிவான அடாப்டரை வரவழைத்தார். மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் தெரிவை மாற்றியதும் கெமரா படம் எடுத்தது.

ஸ்டூடியோவுக்குள் அடையாள அட்டைப் படம், பாஸ்போர்ட் படம், பிள்ளைகளின் பிறந்தநாள் படம் என்று சில மாதங்கள் நன்றாகவே ஓடின. எல்லாமே ஃப்ளாஷ் வெளிச்சத்தில், ஸ்டாண்டில் வைத்து எடுத்தவை. இது முக்கியம். ஃப்ளாஷ் கை ஆட்டத்தை மறைத்துவிடும், மூடிய அபர்ச்சர் (லென்ஸில் ஒளி வரும் துவாரம், எஃப் எண் கூடக்கூட அது சிறிதாகும்) ஃபோகஸ் பிசகை மறைத்துவிடும்.

2023 மார்ச்: கூத்து இரவு

டிக்கோயா பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கோயில் கமிட்டி, மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தைப் படமெடுத்து அல்பமாகத் தரக் கேட்டது. மலையகத் தோட்டங்களில் மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றித் தொடங்கும் கூத்து, பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டிக் காமன் தகனத்தோடு முடியும். ரதியும் மன்மதனும் ஆடுவார்கள், தூதன் வருவான், வீரபத்திரன் வருவான், தப்பு என்ற பறை விடிய விடிய முழங்கும். லாவணி என்ற வாதப் பாட்டில், மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சியாக வாதம் நடக்கும். கூத்தைச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டருக்கு வயதாகிவிட்டது, அவர் இருக்கும்போதே ஒழுங்கான படம் வேண்டும் என்பது கமிட்டியின் ஆசை.

வெளிச்சம் என்று பார்த்தால் லயத்துக் (தொழிலாளர் வரிசை வீட்டுக்) கூரையில் கட்டிய இரண்டு மூன்று டியூப் லைட், கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு, கடைசியில் தகனத்தின் நெருப்பு. ஃப்ளாஷ் வேண்டாம் என்று மாஸ்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். ரதி வேடம் கட்டியவரின் கண்ணில் ஃப்ளாஷ் அடித்து ஒருமுறை ஆட்டம் தடுமாறியிருக்கிறது.

மகன் 50 மி.மீ. லென்ஸைப் பெரும்பாலும் எஃப் 2இல் வைத்து, 1/60 செக்கனில், கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷனை நம்பிக் கையில் பிடித்து எடுத்தார். ஆட்டம் வேகமாகும்போது ஃபோகஸ் வளையத்தைத் திருப்ப நேரமில்லாததால் பெரியவர் பழைய வழியைச் சொல்லிக்கொடுத்தார்: “மூணு மீற்றர்ல வச்சிட்டு விடு தம்பி. அவங்க அந்தத் தூரத்துக்கு வரும்போது அமத்து.”

கவனித்தவை

மறுநாள் கணினித் திரையில் பார்த்தபோது கிட்டத்தட்ட எல்லாமே போயிருந்தது. ஆனால் எல்லாம் ஒரே மாதிரிப் போகவில்லை. அதைப் பிரித்துப் பார்க்க முடிந்ததுதான் பின்னால் கைகொடுத்தது.

நின்று பாடிய லாவணிக்காரர்களின் படங்களில் விளிம்புகள் இரட்டையாக இழுபட்டிருந்தன. ஆடியவர்களை மூன்று மீற்றரில் எடுத்த படங்களில் ஆடியவர் மங்கல், பின்னால் நின்று பார்த்த சனம் தெளிவு. நெருப்பு படச் சட்டத்துக்குள் வந்த படங்களில் பால் ஊற்றினாற்போல் வெள்ளை பரவி, கறுப்பு என்ற ஒன்றே இல்லை. இதற்கெல்லாம் மேலே மொத்தப் படமும் தேநீர் நிறம், அதை வெள்ளைச் சமநிலையில் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தத்தில்) சரிசெய்யப் போனால் நிழல்களில் நீலப் புள்ளிகளாகக் குருணை கிளம்பியது.

மகன் எடுத்த முடிவு எளிது: மேனுவல் ஃபோகஸ் தன் கைக்கு வராது, லென்ஸ்களை விற்றுவிட்டுக் கடன் வாங்கி ஓட்டோ ஃபோகஸ் லென்ஸ் ஒன்று வாங்கவேண்டும். கமிட்டித் தலைவர் “பரவாயில்ல தம்பி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றார். அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த வருடம் வேறு ஆளைக் கூப்பிடுவதுதான் வழக்கம் என்று மகனுக்குத் தெரியும்.

பெரியவர் ஒப்பவில்லை. 1980களில் இதே லென்ஸால் எடுத்த கல்யாணப் படங்கள் ஸ்டூடியோச் சுவரில் மாட்டியிருக்கின்றன, புடவைக் கரையின் இழை வரை தெரிகிறது. “லென்சு அதேதான். மாறினது என்னன்னு பாரு.” இந்த ஒரு கேள்விதான் ஆய்வைச் சரியான பக்கம் திருப்பியது என்று நினைக்கிறேன். பழைய லென்ஸ்களோடு மாரடிக்கும் ஆள் என்பதால் இந்தக் கட்டத்தில் என்னையும் கூப்பிட்டார்கள்.

சோதனைகள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். நான்கு கோளாறு ஒன்றாகக் கலந்திருக்கும்போது இரண்டை ஒரேயடியாக மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

முதலில் கை ஆட்டம். ஸ்டூடியோச் சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, 1/60இல், கையில் பிடித்து, ஸ்டெபிலைசேஷன் போட்டுச் சில படம், அணைத்துச் சில படம். அணைத்தபோது எழுத்து வாசிக்க முடிந்தது, போட்டபோது முடியவில்லை. உதவவேண்டிய வசதி கெடுத்துக்கொண்டிருந்தது. மெனுவில் தேடியபோது காரணம் கிடைத்தது. சோனியின் ஸ்டெபிலைசேஷன் சென்சரை நகர்த்தி வேலை செய்வது. எவ்வளவு நகர்த்துவது என்று தீர்மானிக்க லென்ஸின் குவியத்தூரம் (50 மி.மீ., 135 மி.மீ. என்ற அந்த எண்) அதற்குத் தெரியவேண்டும். மின் தொடுப்பு இல்லாத பழைய லென்ஸ் அதைச் சொல்லாது, நாம்தான் கையால் எண்ணைப் போடவேண்டும். அந்த எண் 200 என்று கிடந்தது. முன்பு கெமராவை வைத்திருந்தவர் ஏதோ 200 மி.மீ. லென்ஸுக்காகப் போட்டிருக்கவேண்டும், கடைக்காரரும் மெனுவைத் துப்புரவாக்காமலே விற்றிருக்கிறார். 50 மி.மீ. லென்ஸுக்கு 200 என்று சொன்னால், கை ஆடும் அளவைப்போல நான்கு மடங்கு சென்சர் ஓடும். ஒரு மடங்கு ஆட்டத்தை ஈடுகட்டிவிட்டு மூன்று மடங்கு ஆட்டத்தை எதிர்ப்பக்கம் தானே உண்டாக்கும். ஸ்டாண்டும் ஃப்ளாஷும் இருக்கும்வரை இது கண்ணில் படாததில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது, லென்ஸ் வளையத்தில் பொறித்த தூரக் குறி. நாடா பிடித்துச் சரியாக 3 மீற்றரில் தாளை வைத்து, திரையில் 11.7 மடங்கு பெருக்கிக் கூர்மையாக்கியபோது லென்ஸின் குறி 3இல் இல்லை, ஏறத்தாழ இரண்டரையில் நின்றது. வெளியே போய் எதிர்மலையை ஃபோகஸ் செய்தால் முடிவிலிக்கு வெகு முன்னாலேயே, 10 மீற்றர் குறியைச் சற்றுத் தாண்டிய இடத்திலேயே மலை தெளிந்துவிட்டது. லென்ஸ் தவறா, அடாப்டர் தவறா? பெரியவரின் ஸ்பொட்மெட்டிக் இன்னும் உயிரோடு இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அதில் மாட்டிப் பார்த்தால் முடிவிலிக் குறியில் மலை சரியாக நின்றது. ஆகவே அடாப்டர். பட்டறையில் வேனியர் கொண்டு அளந்தபோது 27.46க்குப் பதில் 27.26 மி.மீ. இருந்தது.

0.2 மி.மீ. ஒரு விஷயமா என்று மகன் கேட்டார். 50 மி.மீ. லென்ஸை முடிவிலியிலிருந்து 3 மீற்றருக்குக் கொண்டுவர அது முன்னால் நகர்வதே 0.85 மி.மீ. அளவுதான். அதில் 0.2 போய்விட்டால் 3 என்று வைத்தது உண்மையில் 3.9 மீற்றரில் விழும். எஃப் 2இல் 3 மீற்றரில் வைத்தால் தெளிவு நிற்பது 2.8இலிருந்து 3.2 மீற்றர் வரை. ரதி மூன்று மீற்றரில் ஆட, தெளிவு நாலு மீற்றரில் நின்ற சனத்தின்மேல் விழுந்தது. பெரியவர் சொன்ன தூரம் சரி, மகன் அமத்திய நேரமும் சரி, அடாப்டர் வளையந்தான் பொய் சொன்னது. மலிவான அடாப்டர்களைச் செய்பவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் குட்டையாகச் செய்வதுண்டு. நீளம் கூடினால் முடிவிலியே கிடைக்காமல் வாங்கியவர் திருப்பி அனுப்புவார், குறைந்தால் யாரும் கவனிப்பதில்லை. திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்பவருக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. குறியை நம்பி எடுப்பவருக்குத்தான் அடி.

மூன்றாவது, லென்ஸின் கண்ணாடி. லென்ஸைத் திறந்த அபர்ச்சரில் வைத்து, பின்பக்கமிருந்து டோர்ச் அடித்து, சாய்வாகப் பார்த்தோம். 50 மி.மீ.யின் உள்கண்ணாடிகளில் மூச்சு விட்டாற்போன்ற படலம். 135இல் பங்கஸ் (பூஞ்சை), நரம்பு நரம்பாய்க் கிளைவிட்டு ஒரு கண்ணாடியின் காற்பங்கை மூடியிருந்தது. ஹீலியோஸ் அநேகமாகச் சுத்தம், அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய்க் கசிவு மட்டும். அதன் அபர்ச்சர் கையால் திறந்து மூடும் வகை, எண்ணெயால் அதற்குப் பெரிய கெடுதல் இல்லை.

படலம் இருந்தது ஃபோகஸையும் பாதித்தது. தெளிவான இடத்தை நிறமிட்டுக் காட்டும் கெமராவின் ஃபோகஸ் பீக்கிங் வசதி கூர்மையைப் பார்ப்பதில்லை, விளிம்பின் ஒளிமுரணைப் பார்த்துத்தான் நிறம் காட்டும். படலம் முரணைக் குறைத்ததால் முகத்தில் பீக்கிங் எரியவேயில்லை. ரதியின் ஜரிகை மட்டும் எப்போதும் எரிந்தது, ஃபோகஸ் விட்டுப்போனபோதும் எரிந்தது. மகன் அந்த இரவு முழுக்க ஜரிகையை நம்பியிருக்கிறார்.

நாலாவது மஞ்சள். சூப்பர் டகுமார் 50 எஃப் 1.4இன் ஏழு கண்ணாடி வகையில் தோரியம் ஒக்சைட் சேர்த்த கண்ணாடி உண்டு. அதிக ஒளிவிலகல், குறைந்த நிறப்பிரிகை இரண்டும் வேண்டும் என்று அந்தக் காலத்தில் சேர்த்தார்கள். தோரியத்தின் கதிர்வீச்சே பல பத்தாண்டுகளில் கண்ணாடியைப் பழுப்பாக்கிவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் வெள்ளைச் சமநிலை இதைச் சரிசெய்துவிடும். குண்டு பல்பிலும் நெருப்பிலும் நீலம் முதலிலேயே குறைவு. அதில் மஞ்சள் கண்ணாடி இன்னும் வடிகட்டியபின் மிஞ்சிய கொஞ்ச நீலத்தை இழுத்துப் பெருக்கியதால்தான் அந்தக் குருணை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஸ்டெபிலைசேஷன் எண் உடனே மாறியது. லென்ஸ் மாற்றும்போதெல்லாம் எண்ணையும் மாற்றவேண்டும் என்பதால் அந்தத் தெரிவைக் விரும்பிய வேலையைக் கொடுக்கக்கூடிய கெமராவின் சி1 பொத்தானில் வைத்தார்கள். லென்ஸ் மூடிகளின் உட்புறம் எண்ணை மார்க்கரால் எழுதியது பெரியவரின் யோசனை.

புது அடாப்டர் வாங்குவதா, இருப்பதைத் திருத்துவதா என்று பேச்சு வந்தது. இன்னொரு மலிவானதும் இதே குட்டையில் வரலாம், நல்ல கம்பனியுடையது விலை. இருந்த அடாப்டரின் கெமராப் பக்கத் தகடு நாலு திருகாணியால் பூட்டியது, கழற்ற முடிந்தது. குளிர்பானக் கேனின் பக்கத்தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம். அதை வளையமாக வெட்டி இரண்டு அடுக்கு வைத்துப் பூட்டியதும் 3 மீற்றர் 3 மீற்றராக நின்றது, மலை முடிவிலியில் நின்றது. விளிம்பில் பிசிறு இருந்தால் லென்ஸ் சாய்ந்து ஒருபக்கம் மங்கும் என்பதால், தட்டையான சுவரை எடுத்து நாலு மூலையையும் பார்த்துக்கொண்டோம். அடாப்டரின் உட்சுவர் பளபளத்தது. அதற்கு மட்டான கறுப்புப் பூச்சு அடித்தார் மகன்.

கண்ணாடி விஷயத்தில் மகனுக்கு அவசரம். இணையத்தில் வீடியோ பார்த்து வீட்டிலேயே திறந்துவிடலாம் என்றார். நான் தடுத்தேன், பெரியவரும் தடுத்தார். பொருத்தமில்லாத திருப்புளி திருகாணித் தலையைத் தின்றுவிடும், ஃபோகஸ் மரையைக் கழற்றி அதே இழையில் ஏற்றாவிட்டால் தூரக் குறி மறுபடி கெடும், ஈரக் காற்றில் திறந்தால் துடைத்த இடத்திலேயே நீர்ப்பூச்சு படியும். 50ஐ மட்டும் கண்டியில் பழைய கெமரா திருத்தும் ஒருவரிடம் கொடுத்தார்கள். படலம் துடைத்ததும் போய்விட்டது. ஒட்டுக் கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள பசை விட்டிருந்தால் போயிருக்காது.

135ஐ அவர் பார்த்துவிட்டு, துடைக்கலாம், ஆனால் பங்கஸ் சுரந்த அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை (ஒளி தெறிப்பதைக் குறைக்கும் பூச்சை) அரித்துவிட்டது, அந்தத் தடம் நிற்கும் என்றார். பங்கஸை மட்டும் துடைத்துக்கொண்டு மேற்கொண்டு காசு போடாமல் விட்டார்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பகல் படத்துக்கு அது இன்னும் ஆகும். ஒரு லென்ஸின் பங்கஸ் மற்றதுக்குத் தொற்றிவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. பங்கஸின் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, முளைப்பதா இல்லையா என்பதை ஈரந்தான் முடிவுசெய்கிறது. ஆனாலும் 135க்குத் தனிப் பெட்டி கொடுத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மேல் அதில் செலவில்லை.

தோரியம் என்றதும் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதே என்று மருமகள் கேட்டார். நியாயமான கேள்வி. கதிர்வீச்சில் பெரும்பங்கு ஆல்பா, அது ஒரு தாளையே தாண்டாது. ஸ்டூடியோ அலமாரியில் வைத்துப் படமெடுக்கப் பாவிப்பதில் அஞ்ச ஒன்றுமில்லை. பிள்ளைக்கு விளையாடக் கொடுப்பது, படுக்கைக்குப் பக்கத்தில் வைப்பது, உடைந்த கண்ணாடியை உரசுவது வேண்டாம் என்று முடிவாயிற்று.

மழைக்காலம்

கண்டியிலிருந்து லென்ஸ் திரும்பியபோது தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டது. மே கடைசியிலிருந்து ஹட்டன், வட்டவளைப் பக்கம் வெயிலை எதிர்பார்க்க முடியாது. கண்ணாடியின் மஞ்சளைப் போக்கச் சாதாரணமாகச் செய்வது, லென்ஸைச் சூரிய ஒளி படும்படி பல நாள் வைப்பது. புறஊதா ஒளி அந்தப் பழுப்பைக் கலைத்துவிடும். ஆடி மாதத்து ஹட்டனில் அதற்கு வழியில்லை. பக்கத்துக் கடைப் பியூட்டி பார்லரில் ஜெல் நகப்பூச்சைக் காயவைக்கும் விளக்கு இருந்தது. அதுவும் புறஊதா எல்இடிதான். கடை பூட்டியபின் இரவில் இரவல் வாங்கி, பின்கண்ணாடி விளக்கைப் பார்க்கும்படி வைத்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்துவிடும், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானை அமத்தவேண்டும். பெரியவர் வானொலி கேட்டுக்கொண்டு அந்த வேலையைச் செய்தார். வெள்ளைத் தாளின்மேல் லென்ஸை வைத்துப் பார்க்கும்போது நாளுக்கு நாள் வித்தியாசம் தெரிந்தது. முற்றாகப் போகவில்லை, மிச்சம் வெளிர் மஞ்சள் நின்றது. நெருப்பு வெளிச்சத்துக்கு அதுவே பெரிய லாபம்.

தோல் உறைகள் வெளியே போயின. பங்கஸ் பிடித்த காரணத்தில் பாதி அவைதான் என்பது என் கருத்து. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பங்கஸுக்கு இரையாகும், இருட்டையும் கொடுக்கும். உலர்பெட்டி வாங்க வழியில்லாததால் ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாப் பெட்டி, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. மழை நாளில் ஸ்டூடியோ அறையில் ஈரமானி 80 சதவீதத்துக்கு மேலேயே நின்றது, பெட்டிக்குள் 45 அளவுக்கு வந்தது. 40க்கும் 50க்கும் இடையில் நிற்பது நல்லது. மிகவும் உலர்த்தினால் ரப்பருக்கும் கிரீஸுக்கும் நல்லதல்ல. ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானதும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடுகிறார்கள். அரிசி போட்டால் போதும் என்று யாரோ சொன்னதை முயன்று பார்க்கவில்லை. அரிசி ஈரத்தை இழுப்பது மிகக் குறைவு, தூசிதான் மிஞ்சும்.

2024 மார்ச்: மீண்டும் கூத்து

தலைவர் சொன்னபடியே கூப்பிட்டார். இந்தமுறை மகன் பகலிலேயே போய் கம்பத்தைச் சுற்றிய ஆட்டக்களத்தைப் பார்த்தார். தான் நிற்கும் இடத்திலிருந்து 4 மீற்றரில், ஆட்டக்காரர்கள் திரும்பும் வளைவில், மாஸ்டரிடம் கேட்டுச் சுண்ணாம்பால் சின்னக் கோடு போட்டார். இரவில் லென்ஸ் 4 மீற்றரில் நின்றது, அபர்ச்சர் எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 6400, ஷட்டர் பெரும்பாலும் 1/100. அந்த அபர்ச்சரில் மூன்றரை மீற்றரிலிருந்து நாலரைக்குச் சற்று மேல் வரை தெளிவு கிடைக்கும், ஒரு மீற்றர் ஆழம். ஆட்டக்காரர் கோட்டுக்கு வரும் அடியைத் தப்பின் தாளத்திலேயே கணிக்கலாம் என்று பெரியவர் காட்டிக்கொடுத்தார். பின்னால் நின்று “இப்ப” என்று அவர் சொல்லச் சொல்ல மகன் அமத்தினார். கொஞ்ச நேரத்தில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

லாவணிக்காரர்கள் ஓரிடத்தில் நிற்பதால் அங்கே எஃப் 2, திரையைப் பெருக்கிக் கண்ணில் ஃபோகஸ், 1/60. ஸ்டெபிலைசேஷன் எண் 50. நின்ற முகங்கள் இழுபடாமல் வந்தன. பீக்கிங்கை அணைத்துவிட்டார்.

தகனக் காட்சியில் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. சூப்பர் டகுமாரின் மேற்பூச்சு, பென்டக்ஸ் 1971இல் கொண்டுவந்த பல அடுக்குப் பூச்சுக்கு முந்தியது. நெருப்பு நேராக உள்ளே வந்தால் சட்டத்தின் எதிர்மூலையில் பச்சைப் பொட்டு விழும். படலம் போனதால் முன்புபோல மொத்தமும் வெளுக்கவில்லை, ஆனால் பொட்டு விழுந்தது. சில படத்தில் நெருப்பைக் கம்பத்துக்கோ ஆளுக்கோ பின்னால் மறைத்து எடுத்தார், அவை நன்றாக இருந்தன. பொட்டு விழுந்தவற்றில் ஒன்றைத்தான் மாஸ்டர் பெரிதாக்கிக் கேட்டார். அவருக்கு அது பிழையாகத் தெரியவில்லை.

வீரபத்திரன் ஆட்டம் தோல்வி. களத்தை விட்டு ஓடிச் சனத்துக்குள் புகுந்து வரும் ஆட்டம் அது, கோடு போட்டு எடுக்க முடியாது. தூரத்திலிருந்து 135ஐ முயன்றார். எஃப் 3.5, அரித்த பூச்சு, ஓடும் ஆள், இருட்டு. ஒன்றிரண்டு தவிர எதுவும் தேறவில்லை. அல்பத்தில் வீரபத்திரனுக்கு ஒப்பனை போடும்போது ஹீலியோஸால் எடுத்த படந்தான் போயிற்று. அது நல்ல படம், ஆனால் ஆட்டம் இல்லை.

அல்பம் ஒப்படைக்கப்பட்டது. கமிட்டி காசை முழுதாகக் கொடுத்தது, ரதி வேடக்காரரின் படம் ஒன்று பெரிதாகக் கோயிலில் மாட்டப்பட்டது.

அடுத்தமுறை மாற்றவேண்டியவை

பாவித்த கெமரா கைக்கு வந்த அன்றே மெனுவை முழுதாக ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவது. இது நடந்திருந்தால் 2023இன் பாதிச் சேதம் இல்லை.

வாடிக்கையாளரின் வேலைக்குப் போகுமுன், அந்த வேலைக்குரிய வெளிச்சத்திலும் ஷட்டர் வேகத்திலும் ஓர் இரவு சோதிப்பது. ஸ்டூடியோவில் ஃப்ளாஷ் போட்டு எடுத்த நல்ல படங்கள் கூத்து இரவு பற்றி எதுவும் சொல்லவில்லை.

எடுக்கும்போதே குறிப்பு. பழைய லென்ஸ் அபர்ச்சரைக் கெமராவுக்குச் சொல்லாது, படத்தின் தரவில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். 2023 படங்களை ஆராய்ந்தபோது எது எஃப் 1.4, எது எஃப் 2 என்று மகனின் ஞாபகத்தைத்தான் கேட்கவேண்டியிருந்தது. இப்போது அபர்ச்சர் மாற்றும்போது கையை லென்ஸுக்கு முன் விரல்கணக்கில் காட்டி ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்.

டோர்ச் சோதனையை ஆண்டுக்கு இரண்டுமுறை, மழைக்கு முன்னும் பின்னும். பங்கஸ் நரம்பு சிறிதாக இருக்கும்போது துடைத்தால் பூச்சு தப்பும்.

ஓட்டோ ஃபோகஸ் லென்ஸ் வாங்கும் யோசனையை மகன் விட்டுவிடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. வீரபத்திரனுக்கு அது வேண்டும். கல்யாணத்தில் தாலி கட்டும் கணத்துக்கும் கோட்டுக் கணக்கை நம்பிக் காத்திருப்பது சரியில்லை. ஆனால் முதலில் நினைத்த பெரிய கடன் இல்லை. 50 கையில் சரியாக இருப்பதால், பாவித்த 85 மி.மீ. ஒன்றை மட்டும் தேடுகிறார்கள். விற்பவரிடம் கேட்கும் முதல் கேள்வி, அது எந்த ஊரில், எந்த மாதிரிப் பெட்டியில் இருந்தது என்பது.